ஜாதி நாய் என்ன விலை?

அப்பா இறந்த பிறகு அம்மா சாத்தூர்ப் பக்கத்து எங்கள் ஊரில் தனியாக இருந்தாள். இரண்டு மாதம் கழித்து போனில் சொன்னாள்: “யய்யா, ராத்திரி பயமா இருக்கு. ஒரு நாய் வாங்கிக் குடு. ஜாதி நாயாப் பாரு. நம்ம வாசல்ல ஜாதி நாய் நின்னா தெருவுல மரியாதையாப் பாப்பாக. ஆனா ரொம்பச் செலவழிச்சிராத.”

சென்னை வாடகை போக என்னிடம் இருந்தது பத்தாயிரம் ரூபாய். பத்தாயிரத்துக்குள் என்ன நாய் வாங்கலாம் என்று தேட ஆரம்பித்தவன், நாய்க்கு விலை எப்போது வந்தது என்ற கேள்வியில் போய் மாட்டிக்கொண்டேன்.

முதலில் ராஜபாளையம் போனேன். குட்டிகள் வளர்த்து விற்கும் ஓர் அண்ணாச்சி பால் வெள்ளையில், மூக்கு மட்டும் இளஞ்சிவப்பாக இருந்த குட்டியைக் கையில் தூக்கிக் காட்டினார். “காவலுக்கா தம்பி, கவுரவத்துக்கா?” என்று கேட்டார். “ரெண்டுக்கும்” என்றேன். சிரித்துவிட்டு விலை சொன்னார். என் பட்ஜெட்டைத் தாண்டியிருந்தது. “பேப்பர் வேண்டாம்னா கொறைச்சுத் தாரேன்” என்றார். பேப்பர் என்றால் வம்சாவளிச் சான்றிதழ். அப்பன் யார், பாட்டன் யார் என்று எழுதிய காகிதம். இரண்டு குட்டிகளும் ஒரே தாயின் மடியில் பால் குடித்தவைதான். காகிதம் இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் ஒரு விலை.

இந்தக் காகிதம் பிறந்தது இங்கிலாந்தில். 1859இல் நியூகாஸில் நகரில் முதல் நாய்க் கண்காட்சி நடந்தது. பாயிண்டர், செட்டர் ஆகிய இரண்டு வகை வேட்டை நாய்களுக்கு மட்டும்தான் போட்டி. பரிசு, துப்பாக்கி. 1873இல் லண்டனில் கென்னல் கிளப் தொடங்கியது. அடுத்த வருடம் வம்சாவளிப் பதிவேடு வந்தது. அதுவரை நாயை அது செய்யும் வேலையை வைத்துத்தான் பிரித்தார்கள். மேய்க்கும் நாய், விரட்டும் நாய், எலி பிடிக்கும் நாய். பதிவேடு வந்த பிறகு காது இப்படி, வால் இப்படி, நிறம் இப்படி என்று அளவுகள் வந்தன. அளவுக்குள் வரும் நாயை அளவுக்குள் வரும் நாயோடு மட்டும் சேர்க்க வேண்டும் என்ற விதி கெட்டிப்பட்டது. கலப்பு என்பது குறை ஆனது.

நம் ஊரில் இதற்கு விளக்கமே தேவைப்படவில்லை. அகராதியைப் புரட்டாமலே ‘ஜாதி நாய்’ என்றோம்.

ஆங்கிலேயர்களும் நம்மிடமிருந்து ஒரு சொல்லை எடுத்துக்கொண்டார்கள். தெருவில், ஊர் எல்லையில் திரிந்த நாய்க்கு அவர்கள் வைத்த பெயர் ‘பறையா டாக்’. பறை அடித்த மக்களின் பெயர் ஆங்கிலத்தில் ‘ஒதுக்கப்பட்டவன்’ என்ற பொதுச்சொல்லாகி, அங்கிருந்து நாய்க்கும் போய்விட்டது. சிப்பாய்கள் அதையும் சுருக்கி ‘பை டாக்’ என்றார்கள் என்று 1886இல் வெளிவந்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதி பதிவு செய்திருக்கிறது. மனிதர்களுக்கான பெயரை மாற்றச் சொல்லி எம்.சி. ராஜா சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். 1922இல் அரசு ஆவணங்களில் ‘ஆதி திராவிடர்’ என்று எழுத ஆணை வந்தது. என் சான்றிதழில் அப்படித்தான் இருக்கிறது. நாய்ப் புத்தகங்களில் மட்டும் பழைய பெயர் அப்படியே தங்கிவிட்டது. சென்னையில் வீடு தேடியபோது “நீங்க என்ன ஆளுங்க?” என்ற கேள்வியை மூன்று வாசலில் கேட்டவன் நான். அந்தப் பக்கங்களை என்னால் வெறும் நாய் வரலாறாகப் படிக்க முடியவில்லை.

அந்தப் பெயர் வாங்கிய நாய்க்கு விலையும் இருந்தது, உயிரோடு அல்ல. பிரிட்டிஷ் காலத்து நகரங்களில் தெருநாய்களைக் கொல்வது நிர்வாகத்தின் வேலைகளில் ஒன்று. 1832இல் பம்பாயில் அப்படிக் கொன்றபோது நாயைப் புனிதமாகக் கருதும் பார்சிகள் தெருவில் இறங்கினார்கள், கலவரமே நடந்தது. சென்னை மாநகராட்சி கொல்வதை நிறுத்திக் கருத்தடைக்கு மாறியது 1996இல்தான். நாய் பற்றிய பயம் பொய் என்று சொல்லமாட்டேன். வெறிநாய்க்கடி வந்துவிட்டால் பிழைப்பது அரிது. குன்னூரில் 1907இல் பாஸ்டர் நிறுவனம் தொடங்கியதே அதற்காகத்தான். ஆனால் தடுப்பூசி போடாத ஜாதி நாய் கடித்தாலும் அதே நோய்தான் வரும்.

சரி, சிப்பிப்பாறை? எங்கள் மாவட்டத்து நாய். பராமரிப்பு குறைவு, வெயில் தாங்கும், வீட்டுச் சாப்பாடு போதும். அதோடு கிட்டத்தட்ட ஒரே உடல்வாகு கொண்ட கன்னியை முன்பெல்லாம் விற்கமாட்டார்கள், கல்யாணப் பெண்ணுக்குச் சீராகக் கொடுப்பார்கள் என்று இந்தப் பக்கம் சொல்வதுண்டு. 2005இல் ராஜபாளையத்துக்கு அஞ்சல்தலை வந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசினார். நாட்டு நாய்கள் மேல் அக்கறை கூடியது நல்ல விஷயம். கூடவே அவற்றுக்கும் ‘சுத்தம்’ பார்க்கும் பழக்கம் வந்திருக்கிறது. வெள்ளைக்காகவே பார்த்துப் பார்த்து இணை சேர்த்த ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு ஒரு தெரிந்த பிரச்சினை. வேறு நிறத்தில் பிறந்த குட்டிகளைக் கழித்துவிடுவதும் நடந்திருக்கிறது.

கடைசியில் சிப்பிப்பாறையையும் விட்டேன். காரணம் எளிமையானது. அது முயல் விரட்ட உருவான நாய். தினமும் ஓட வேண்டும். முழங்கால் வலிக்காரியான அம்மா அதன் சங்கிலியைப் பிடித்து நிற்க முடியாது.

வாங்கப் போகிற உங்களுக்கும் இதைத்தான் சொல்வேன். குட்டியின் விலை ஒருநாள் செலவு. பத்துப் பன்னிரண்டு வருடம் வைத்துக் காப்பாற்றுவதுதான் உண்மையான விலை. பனிப்பிரதேசத்து ஹஸ்கிக்கு நம் சித்திரையில் ஏசி வேண்டும். செல்போன் விளம்பரத்தில் பார்த்து ஊரே ஆசைப்பட்ட பக் நாய்க்கு, தட்டை மூக்கால் மூச்சு விடுவதே பாடு. இனத்தைப் பார்த்துக் குணத்தை எடைபோடவும் முடியாது. அமெரிக்காவில் 18,000க்கும் மேற்பட்ட நாய்களை வைத்து நடந்த ஆய்வு 2022இல் வெளியானது. தனித்தனி நாய்களின் குண வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்தை மட்டுமே இனத்தை வைத்து விளக்க முடிந்தது.

வெறுங்கையோடு ஊருக்குப் போனேன். வாசலில் ஒரு செவலைப் பெட்டை நாய் படுத்திருந்தது. அப்பா காரியத்தன்று எச்சில் இலை போட்ட இடத்துக்கு வந்தது, அதன் பிறகு போகவில்லையாம். கேட்டைத் திறந்ததும் என்னைப் பார்த்துக் குரைத்தது. அம்மா உள்ளிருந்து “ஏய், சும்மா இரு” என்றதும் அடங்கிப் படுத்தது.

“இதான் இருக்கேம்மா.”

“அது நம்ம நாய் இல்லய்யா. தெருவுல கெடக்குறது.”

எனக்குத் தெரிந்ததை எல்லாம் அன்று ராத்திரி சொன்னேன். திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. மாடுகளைக் காக்கச் சண்டையிட்டு இறந்தவனோடு, கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். கல்லில் பெயர் இருக்கிறது, செய்த காரியம் இருக்கிறது. என்ன ஜாதி என்று எழுதவில்லை. அந்த இங்கிலீஷ் பெயரைப் பற்றியும் சொன்னேன். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை.

காலையில், “அப்ப அதுக்கு ஊசியப் போட்டுக் கூட்டிட்டு வா” என்றாள்.

கால்நடை மருத்துவமனையில் அட்டை எழுதினார்கள். இனம் என்ற இடத்தில் ‘என்.டி.’ என்று போட்டார் உதவியாளர். “நான்-டிஸ்கிரிப்ட் சார். இன்ன வகைன்னு சொல்ல முடியாதது.” பிறகு பேனாவை நிறுத்தி, “பேரு?” என்றார்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். யோசிக்கவே இல்லை.

“ராசாத்தின்னு எழுதச் சொல்லு.”

பத்தாயிரத்தில் ஊசிக்கும் கருத்தடைக்கும் போக மிஞ்சியதை வைத்துக் கேட்டைச் சரிசெய்தோம்.