மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின்

1905இல் ஹேர்பேட் ஒஸ்ரின் இங்கிலாந்தின் லோங்பிரிட்ஜில் மோட்டார்த் தொழிற்சாலையொன்றை நிறுவினார். 1922இல் வெளிவந்த ‘ஒஸ்ரின் செவன்’ நடுத்தர வகுப்பினரின் கைக்கும் காரை எட்டச் செய்தது. 1952இல் அந்நிறுவனம் தன் போட்டியாளரான மொறிசுடன் இணைந்தது. 1968இல் பிரிட்டிஷ் லேலண்ட் என்னும் பெருநிறுவனத்துள் அடங்கியது. ஒரே காருக்குப் பல பெயர் சூட்டி விற்ற வாணிபம் அதனைக் காப்பாற்றவில்லை. 1975இல் அரசு பொறுப்பேற்றது. 1987இல் ஒஸ்ரின் என்ற பெயரே கைவிடப்பட்டது. 2005இல் லோங்பிரிட்ஜ் ஆலை மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலை இழந்து தெருவில் நின்றனர்.

ஆயினும், பெயர் மறைந்த பின்னரும் யாழ்ப்பாணத் தெருக்களில் ஒஸ்ரின் ஏ-40 ஓடியது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையால் குடாநாட்டில் பெற்றோல் கிடைப்பது அரிதாயிற்று. சில துளி பெற்றோலால் இயந்திரத்தை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் உபாயத்தை நம் மெக்கானிக்குகள் கைக்கொண்டனர். அழுத்தம் குறைந்த அப்பழைய இயந்திரம் அதற்கு இடங்கொடுத்தது. திருநெல்வேலியிலும் அயற் கிராமங்களிலும் நோயாளரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் சென்றவை இத்தகைய கிழட்டு வண்டிகளே.

இலாபக் கணக்குக் கைவிட்டதை உழைக்கும் கை காத்தது. நிறுவனங்களின் வரலாற்றில் அக்கைகளுக்கு இடமில்லை. மக்களின் வரலாற்றிலேனும் அவற்றுக்கு இடமளிப்பது நம் கடமையன்றோ?