சுழல் அறைத் துப்பாக்கியும் இடக்கையும்: இந்தியத் திரித் துப்பாக்கி முதல் கோல்ட் ரைஃபிள் வரை

சுழலும் அறைகளைக் கொண்ட துப்பாக்கியின் வரலாறு பெரும்பாலும் ‘முதலில் செய்தவர் யார்’ என்னும் வினாவில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. சாமுவேல் கோல்ட் 1836ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பெற்ற காப்புரிமையை ஒரு சாரார் முன்வைப்பர். அதற்கு முன்னரே இந்தியக் கம்மியர் இத்தகைய கருவியைச் செய்தனர் என்பதை மற்றொரு சாரார் முன்வைப்பர். இரண்டாவது கூற்று உண்மையே. ஆயினும் இவ்வழக்கில் மறைந்துபோவது, நீள்துப்பாக்கி வடிவில் அக்கருவி ஏன் எங்கும் நிலைபெறவில்லை என்னும் வினாவாகும்.

இந்தியாவில் செய்யப்பட்ட சுழல் திரித் துப்பாக்கிகள் சில அருங்காட்சியகங்களில் எஞ்சியுள்ளன. அவற்றில் ஒரே குழலின் பின்னே பல அறைகள் கொண்ட உருளை அமைந்திருக்கும். சுடுபவர் அதைக் கையால் திருப்ப வேண்டும். ஒவ்வோர் அறைக்கும் தனித்தனியே பற்றுமருந்துக் கிண்ணமும் அதற்கு நகரும் மூடியும் உண்டு. இம்மூடியை மழைக்கான காப்பு என்று மட்டும் கருதுவது போதாது. எரியும் திரிக்கு அருகிலேயே மருந்திட்ட பிற அறைகள் காத்திருக்கும் நிலையில், ஒரு பொறி சிதறினால் அனைத்தும் வெடிக்கும். கம்மியர் அந்த இடரை நன்கு அறிந்திருந்தனர் என்பதற்கு அம்மூடியே சான்று.

தென்னகத்தில் இவ்வகை வழங்கியதா என்பதை எஞ்சியவற்றைக் கொண்டு தீர்மானிப்பது கடினம். தஞ்சை அரசு 1855இல் கம்பெனி ஆட்சியோடு இணைக்கப்பட்ட பின், 1863இல் அரண்மனை ஆயுதக் கிடங்கு கலைக்கப்பட்டது. தேர்ந்தெடுத்த கருவிகள் சென்னை அருங்காட்சியகத்திற்கு வந்தன. ஏனையவை உடைக்கப்பட்டுப் பழைய உலோகமாயின. எம். ஜே. வால்ஹவுஸ் 1878இல் ‘இந்தியன் ஆண்டிகுவரி’ இதழில் இக்கிடங்கைப் பற்றி எழுதினார். உடைபட்டவற்றுள் என்னென்ன இருந்தன என்பதை எஞ்சிய சேகரிப்பு காட்டாது.

எலிஷா கோலியர் 1818இல் இலண்டனில் காப்புரிமை பெற்ற சக்கிமுக்கிச் சுழல் துப்பாக்கி வேறொரு தீர்வை நாடியது. அதில் ஒரு சுருள்வில் உருளையை முன்தள்ள, குழலின் கூம்பிய முனை அறைவாயினுள் பொருந்தும். அதனால் தீயும் வளியும் பக்கவாட்டில் கசிவது குறையும். இவ்வகைத் துப்பாக்கிகள் இந்தியாவிலிருந்த ஆங்கிலேயரிடம் புழங்கின. 1830இல் கல்கத்தாவுக்குக் கப்பலில் சென்ற இளைஞர் கோல்ட் அங்கு அதைக் கண்டிருக்கலாம் என்பர், அது ஊகமே.

கோல்ட் உருளை தானே திரும்பும் வழியைச் செம்மைப்படுத்தினார். உருளைக்கும் குழலுக்கும் இடையிலான சிறு இடைவெளியோ அப்படியே இருந்தது. சுடும்போது அதன் வழியே தீச்சுடரும் ஈயத்துணுக்கும் பக்கவாட்டில் பாயும். குண்டு அறைவாயை முழுதும் அடைக்காவிடினும், பின்புறம் கேப் தளர்ந்திருப்பினும் நெருப்பு அடுத்த அறைக்குத் தாவும். இதைத் தடுக்க அறைவாயில் கொழுப்புப் பூசுவது வழக்கமாயிற்று.

கைத்துப்பாக்கியைப் பிடிக்கும் கை உருளைக்குப் பின்னால் இருக்கிறது. ஆதலால் இக்குறை பொறுத்துக்கொள்ளத்தக்கது. நீள்துப்பாக்கியிலோ இடக்கை குழலைத் தாங்க முன்னே நீள வேண்டும். தொடர் வெடிப்பு நேர்ந்தால் குழலோடு நேர்படாத அறைகளின் குண்டுகள் அக்கையை நோக்கியே வரும். தமிழகச் சிற்றூர்களில் அறியப்பட்ட ஒற்றைக் குழல் நாட்டுத் துப்பாக்கியும் வாய்வழி மருந்து கெட்டிப்பதே; ஆனால் அதன் குழலுக்கடியில் கை வைப்பவருக்கு இவ்விடர் இல்லை. கோல்ட் 1855ஆம் ஆண்டு வகை ரைஃபிளைப் பயன்படுத்தியோருள் சிலர் குழலடியிலுள்ள மருந்து கெட்டிக்கும் நெம்புகோலைக் கீழிறக்கி அதைப் பற்றிச் சுட்டனர். வேறு சிலர் இடக்கையை விசைக்காப்பு வளையத்தருகே வைத்துக்கொண்டனர்.

அந்த ரைஃபிள் முற்றிலும் பயனற்றதன்று. 1863 செப்டம்பரில் சிக்கமாகாப் போரில் ஒகையோ 21ஆம் படைப்பிரிவு அதைக் கொண்டு குண்டுகள் தீரும்வரை ஒரு மேட்டைக் காத்தது. எனினும் போர் முடிந்ததும் அமெரிக்க அரசு ஏறத்தாழ 44 டாலருக்கு வாங்கிய அதனை 42 சென்ட் வீதம் விற்றுத் தீர்த்தது.

உலோகத் தோட்டா வந்தபின் தொடர் வெடிப்பு அச்சம் ஏறக்குறைய நீங்கியது. இடைவெளிக் கசிவு நீங்கவில்லை. அதற்குள் நெம்புகோல் ரைஃபிள்கள் சந்தைக்கு வந்துவிட்டன. இன்றும் அரிதாகச் செய்யப்படும் சுழல் ரைஃபிள்களில் அவ்விடைவெளியின் அருகே காப்புத் தகடு பொருத்தப்படுவதுண்டு.