கணினி அமைப்பின் தேவைகளைக் கூடி வரையறுத்தல்

ஒரு தகவல் அமைப்பு என்னென்ன செய்ய வேண்டும் என்பதை, அதைக் கையாளப் போகிறவர்களே சேர்ந்து எழுதி, விவாதித்து, முன்னுரிமைப்படுத்த உதவுவது கூட்டுப்பணி மென்பொருள். நிரல் எழுதுவதைவிட எதை எழுதுவது என்று தீர்மானிப்பதுதான் கடினம் என்பது கணினி அறிஞர் ஃபிரெட் புரூக்ஸ் 1980களில் முன்வைத்த வாதம்.

அதற்கு முன்பே, 1970களின் பிற்பகுதியில், ஐபிஎம் ‘ஜாட்’ என்ற பயிலரங்கு முறையை உருவாக்கிப் பயனர்களையும் பொறியாளர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்தது. ஆனால் ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். மேலதிகாரி கருத்துச் சொல்லிவிட்டாலோ, கீழே இருப்பவர் மறுத்துப் பேசத் தயங்குவார்.

அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஜே நுனாமேக்கர் குழு வளர்த்த ‘குரூப்சிஸ்டம்ஸ்’ மென்பொருள் இந்த இரண்டு குறைகளையும் குறிவைத்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்யலாம். பெயர் தெரியாமலும் எழுதலாம். அதன் முன்னோடியான ‘பிளெக்சிஸ்’ கணினி அமைப்புகளைத் திட்டமிடும் ஆய்விலிருந்தே பிறந்தது.

குரூப்சிஸ்டம்ஸின் மேல் எழுந்ததுதான் 2001 வாக்கில் பேரி போம், பால் குருன்பாகர், ராபர்ட் பிரிக்ஸ் மூவரும் விவரித்த ‘ஈசிவின்வின்’ என்ற முறை. ஒவ்வொரு தரப்பும் தனக்கு எது கிடைத்தால் வெற்றி என்று முதலில் எழுதும். முரண்பட்டால் அது ‘பிரச்சினை’; அதற்குத் தீர்வுகள் முன்வைக்கப்படும்; எல்லோரும் ஏற்றால் ‘உடன்பாடு’. முக்கியத்துவம், செய்வதற்கு எளிமை என்ற இரு அளவுகோல்களில் வாக்கெடுப்பும் உண்டு. இதில் சுவாரஸ்யம் சராசரியில் இல்லை, சிதறலில் இருக்கிறது. ஒரே தேவைக்கு ஒருவர் 9 மதிப்பெண்ணும் இன்னொருவர் 2 மதிப்பெண்ணும் போட்டால், இருவரும் அதை வெவ்வேறாகப் புரிந்துகொண்டிருக்கலாம். அல்லது ஒருவருக்குத் தெரிந்த தடை மற்றவருக்குத் தெரியாமல் இருக்கலாம். பேச வேண்டிய இடம் அதுதான்.

குறையும் உண்டு. அரை மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான குறிப்புகள் குவிந்துவிடும். ஒன்றையே நான்கு பேர் நான்கு விதமாக எழுதியிருப்பார்கள். அவற்றைத் தொகுத்து நெறிப்படுத்த, அனுபவமுள்ள ஒருவர் தேவை. இன்றைய இணையவழிப் பலகைகளிலும் இந்த வேலை மிச்சமிருக்கிறது.

தேவைகளை வகுக்கும் அறைக்கு யார் வருகிறார்கள் என்பதையும் மென்பொருள் தீர்மானிப்பதில்லை. உரியவர்கள் வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1992 அக்டோபர் 26 அன்று லண்டன் ஆம்புலன்ஸ் சேவை, வண்டிகளை அனுப்பும் பணியைப் புதிய கணினி அமைப்பிடம் ஒப்படைத்தது. ஒரே நாளில் குழப்பம். நவம்பர் 4 அன்று அமைப்பு முற்றிலும் முடங்கியது. தேவைகளை வகுக்கும் கட்டத்தில் ஆம்புலன்ஸ் ஊழியர்களின் பங்கு மிகக் குறைவாக இருந்ததை 1993இல் வெளிவந்த விசாரணை அறிக்கை பதிவு செய்தது.