திருமண அழைப்பிதழ்: புதுச்சேரி வழக்கு

திருமண அழைப்பிதழ் என்பது, மணமக்களின் பெயரையும் பெற்றோரையும் முகூர்த்த நாளையும் மண்டபத்தையும் தெரிவித்து, உற்றாரையும் நண்பரையும் விவாகத்துக்கு வருமாறு வேண்டிக்கொள்ளும் பத்திரமாகும். பேச்சுவழக்கில் இது ‘பத்திரிகை’ என்றே வழங்கும். தமிழ்நாடெங்கும் ஏறக்குறைய ஒரே வடிவில் காணப்படும் இப்பத்திரம், 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரி நகரத்தில் மட்டும், தமிழ் ஆசாரம், பிரெஞ்சு சமூக நாகரிகம், உள்ளூரிலேயே கையால் செய்யப்படும் காகிதம் ஆகிய மூன்றின் சேர்க்கையால் தனிக்கோலம் கொண்டிருக்கிறது.

அச்சுப் பத்திரிகை பரவுமுன் அழைப்பு என்பது வாய்ச்சொல்லும் தாம்பூலமுமே. அச்சு வந்த பிறகும் அவ்வழக்கம் ஒழியவில்லை. பத்திரிகை அதற்குத் துணையாயிற்று, அவ்வளவே. அச்சகத்திலிருந்து வந்த கட்டைப் பிரித்ததும் நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவி, முதற் பத்திரிகையை மணக்குள விநாயகர் சந்நிதியிலோ குலதெய்வத்தின் திருமுன்னரோ வைத்து வணங்கி, அதன்பின் தாய்மாமன் முதலிய நெருங்கிய உறவினர் இல்லங்களுக்குத் தம்பதியாய்ச் சென்று, வெற்றிலை பாக்குப் பழத் தட்டில் வைத்துக் கொடுப்பதையே ‘பத்திரிகை வைத்தல்’ என்கிறோம். நேரில் வைக்கவேண்டிய வீட்டுக்குத் தபாலில் அனுப்பிவிட்டால், ‘எங்களை யார் கூப்பிட்டார்கள்?’ என்ற குறை தலைமுறை கடந்தும் நிற்கும். ஆகவே அச்சுக்குக் கொடுக்குமுன், நேரில் வைக்க வேண்டியோர், தபாலில் அனுப்பிப் பின் தொலைபேசியிலும் அழைக்க வேண்டியோர் என இரு பட்டியல்களைப் பெரியவர்களோடு கலந்து வகுத்துக்கொள்ளுதல், காகிதத்தின் நிறத்தைப் பற்றி விவாதிப்பதைக் காட்டிலும் முக்கியமானது.

பிரெஞ்சுச் சட்டம் திருமணத்தைப் பகிரங்கமாக அறிவித்தலை வேறொரு வகையில் வற்புறுத்திற்று. 1880ஆம் ஆண்டின் ஆணையால் பிறப்பு, விவாகம், இறப்பு ஆகியவற்றின் பதிவுமுறை இந்நாட்டு மக்களுக்கும் விரிவாக்கப்பட்டது. மறு ஆண்டு, 1881 செப்டம்பர் 21இல் பிறந்த ஆணையின்படி, தம் சாதிவழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தையும் குடும்பப் பெயரையும் ஏற்றுக்கொண்டவர்கள் ‘ரெனோன்சான்’ எனப்பட்டனர். அவர்தம் வழித்தோன்றல்களிடையிலும், பிரெஞ்சு இராணுவத்தில் பணியாற்றி ஊரார் வாயில் ‘சொல்தா’ எனப்படும் குடும்பங்களிலும், ‘ஃபேர்-பார்’ என்னும் பிரெஞ்சு மணச்செய்தி மடலின் வழக்கு வேரூன்றிற்று. இருபுறத்துப் பெற்றோரும் தனித்தனியே தம் மகனின் அல்லது மகளின் விவாகத்தைத் தெரிவித்துக்கொள்வதாக எழுதப்படுவது அம்மடலின் இலக்கணம். அது செய்தி கூறுவதேயன்றி அழைப்பன்று. விருந்துக்கு வரவேண்டியவர்களுக்கு மட்டும் வேறொரு சிறு சீட்டு உடன் வைக்கப்படும். பிரான்சிலுள்ள உறவினருக்கு ஒருபுறம் தமிழும் மறுபுறம் பிரெஞ்சுமாக அச்சிடுவோர், தமிழ்ப் பக்கத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், இவ்விரு மரபுகளையும் அவ்வவற்றின் முறையில் எழுதுவதே அழகு.

தமிழ்ப் பக்கத்தின் அமைப்பு யாவரும் அறிந்ததே: மேலே பிள்ளையார் சுழி, பின் தமிழ் வருடம், மாதம், திதி, நட்சத்திரம், லக்னம், பாட்டனார் பெயர் தொடங்கி மணமக்கள், அடியில் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ சுற்றத்தாரின் நீண்ட வரிசை. சுயமரியாதை இயக்கக் கவிஞர் பாரதிதாசன் பிறந்து வாழ்ந்த ஊராதலால், இவை யாவும் நீக்கித் திருவள்ளுவர் ஆண்டு மட்டும் பொறித்த சுயமரியாதைத் திருமண அழைப்பும் இங்கே புதுமையன்று. கிறிஸ்தவக் குடும்பங்கள் சிலுவையிட்டு, சம்பா கோவில் என வழங்கும் பேராலயத்தையோ தூய இருதய பசிலிக்காவையோ குறிப்பிடுவர். எழுத்துப்பிழையைவிட ஆபத்தானது கிழமைப்பிழை. விடியற்கால முகூர்த்தத்தை ‘ஞாயிறு இரவு விடிந்தால் திங்கள்’ என்று எழுதும் பழக்கம் வெளிநாட்டு உறவினரை ஒரு நாள் முன்னோ பின்னோ கொண்டுவந்து நிறுத்தும். வரவேற்பு முதல்நாள் மாலை என்பதையும் அவர்களுக்குத் தேதியோடு தனிவரியில் சொல்லல் வேண்டும்.

காகிதத்தைப் பொறுத்தவரை, சிவகாசியில் அச்சாகி மாதிரி ஆல்பங்களில் வரும் ஆயத்த அட்டைகளே பெரும்பான்மை. அவற்றில் பெயர் விவரத்தை மட்டும் உள்ளூர் அச்சகம் பதித்துக் கொடுக்கும். புதுச்சேரிக்கே உரியது, 1959இல் தோன்றிய ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமக் கைக்காகிதத் தொழிற்கூடத்தின் தாள். மரத்தை நாடாமல், பனியன் தொழிலில் மிஞ்சும் பருத்தித் துணிக் கழிவைத் துண்டாக்கி, நீரில் அரைத்துக் கூழாக்கி, சல்லடைச் சட்டத்தால் தாள் தாளாக அள்ளி, துணிமீது படியவைத்து, அழுத்தி, உலர்த்தி, பசையூட்டி, மெருகேற்றி இதைச் செய்கிறார்கள். பூவிதழ் பதிந்த தாளும், வண்ணங்களை நீர்மேல் மிதக்கவிட்டு எடுத்த சலவைக்கல் வரித் தாளும் இவ்வகையின. பசையூட்டல் குறைந்த தாளில் பேனா மை கசியும். கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் தாள் சுருளும். ஆதலால் வாங்கியதைச் சமமாக அடுக்கி, பொதிந்து, பாரம் வைத்துப் பாதுகாத்தல் நலம். வரித் தாளை உறையின் உட்புறத்துக்கு மட்டும் பயன்படுத்தினாலே கண்ணுக்குப் போதுமான விருந்து. அட்டை முழுவதும் வரியிருந்தால் எழுத்து மறையும் என்பது என் அபிப்பிராயம்.

பத்திரிகையைச் சுமந்து செல்லும் தபாலின் வரலாற்றிலும் இவ்வூர் விசித்திரமானது. பிரெஞ்சு இந்தியா தன் சொந்த அஞ்சல்தலைகளை வெளியிட்டது. 1914ஆம் ஆண்டு வரிசையில் பிரம்மா உருவம் இடம்பெற்றது. 1923 முதல் அவற்றின் மதிப்பு, 24 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய் என்னும் உள்ளூர்க் கணக்கில் பொறிக்கப்பட்டது. ஊருக்குள்ளேயே ஆங்கில இந்தியாவின் அஞ்சலகமும் இயங்கிற்று. இன்று துபாஷி (மொழிபெயர்ப்பாளர்) ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயர் தாங்கிய ரங்கப்பிள்ளை வீதியில் தலைமை அஞ்சலகம் இருக்கிறது.

இக்காலத்தில் உள்நாட்டுச் சாதாரணக் கடிதத்துக்கு 20 கிராம் வரை 5 ரூபாய், அதற்குமேல் ஒவ்வொரு 20 கிராமுக்கும் மேலும் 5 ரூபாய் என்பது நெடுநாளைய கட்டணம். சதுர மீட்டருக்கு 250 கிராம் கனமுள்ள ஏ4 அளவுத் தாளை இரண்டாக மடித்த அட்டை ஒன்று பதினாறு கிராமை நெருங்கும். தடித்த உறை சுமார் பத்து கிராம். ஆக, தங்க நூலும் மெழுகு முத்திரையும் சேராமலே இரண்டாம் படிக் கட்டணம் வந்துவிடுகிறது. அஞ்சல்தலை குறைவாயின் பெறுபவரிடமே தண்டம் வசூலிக்கப்படும். மங்கல காரியத்தில் விருந்தினரைக் காசு கேட்பதைவிட அவமரியாதை வேறில்லை. உறையை ஒட்டாமல் ‘புக் போஸ்ட்’ என்றெழுதிக் குறைந்த கட்டணத்தில் அனுப்பும் பழைய முறையை நம்பியிருப்போர், விதிகள் மாறிவருவதால் முன்னரே விசாரித்தறிக. பதிவுத் தபாலும் 2025இல் விரைவு அஞ்சலோடு இணைந்துவிட்டது. மணமக்கள் படமிட்ட ‘மை ஸ்டாம்ப்’ தலைகள் வேண்டுவோருக்கு 12 தலை கொண்ட தாள் 300 ரூபாய்க்குக் கிடைத்துவந்திருக்கிறது.

எனவே, மணம் பேசி முடித்தோர் ஆயிரக்கணக்கில் அச்சிடுமுன், அட்டை, உறை, உட்சீட்டு யாவும் சேர்ந்த மாதிரி ஒன்றைத் தலைமை அஞ்சலகத் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டு அச்சகத்துக்குச் செல்வார்களாக.