நடுத்தர வடிவ அகல்கோண வில்லை

நடுத்தர வடிவ அகல்கோண வில்லை என்பது 120 வகைப் படச்சுருளைப் பயன்படுத்தும் ஒளிப்படக்கருவிகளில், இயல்பு வில்லையைக் காட்டிலும் அகன்ற காட்சியைப் பதிவு செய்யும் வில்லை ஆகும். நிலக்காட்சி, கட்டடங்கள், உள்ளரங்குகள், சூழலுடன் கூடிய மனிதர் படங்கள் ஆகியவற்றிற்கு இது பெரிதும் பயன்படுகிறது. 35 மி.மீ. படச்சுருளுக்கான அகல்கோண வில்லையின் அடிப்படைக் கோட்பாடுகளே இதற்கும் பொருந்தும். எனினும் படச்சட்டம் பெரியதாக இருப்பதால் குவியத் தொலைவு, புல ஆழம், மூலைகளில் ஒளிக்குறைவு ஆகியவற்றில் கவனிக்கத்தக்க வேறுபாடுகள் உள்ளன.

== வரையறையும் பார்வைக் கோணமும் ==

ஒரு வில்லை அகல்கோண வில்லையா என்பதை அதன் குவியத் தொலைவு மட்டும் தீர்மானிப்பதில்லை. அக்குவியத் தொலைவுக்கும் படச்சட்டத்தின் மூலைவிட்டத்துக்கும் உள்ள விகிதமே அதைத் தீர்மானிக்கிறது. மூலைவிட்டத்துக்கு ஏறத்தாழச் சமமான குவியத் தொலைவு கொண்டது இயல்பு வில்லை ஆகும். அதிலிருந்து குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது அகல்கோண வில்லை ஆகும். 50 மி.மீ. வில்லை 35 மி.மீ. கருவியில் இயல்பு வில்லையாகவும், 6×6 கருவியில் அகல்கோண வில்லையாகவும் அமைவது இதனாலேயே.

மூலைவிட்டப் பார்வைக் கோணத்தைப் பின்வருமாறு கணக்கிடலாம்:

பார்வைக் கோணம் = 2 × நேர்மாறு டேன்சன்ட் (மூலைவிட்டம் ÷ (2 × குவியத் தொலைவு))

120 படச்சுருளில் எடுக்கப்படும் முதன்மையான சட்ட அளவுகளும் அவற்றுக்குரிய வில்லைகளும் பின்வருமாறு:

* 6×4.5: சட்டம் 56 × 41.5 மி.மீ., மூலைவிட்டம் 70 மி.மீ. இயல்பு வில்லை 75–80 மி.மீ. அகல்கோணம் 45 மி.மீ. (ஏறத்தாழ 75 பாகை). மீயகல்கோணம் 35 மி.மீ. (ஏறத்தாழ 90 பாகை).
* 6×6: சட்டம் 56 × 56 மி.மீ., மூலைவிட்டம் 79 மி.மீ. இயல்பு வில்லை 80 மி.மீ. அகல்கோணம் 50 மி.மீ. (ஏறத்தாழ 77 பாகை). மீயகல்கோணம் 38–40 மி.மீ. (ஏறத்தாழ 90 பாகை).
* 6×7: சட்டம் ஏறத்தாழ 56 × 70 மி.மீ., மூலைவிட்டம் 89 மி.மீ. இயல்பு வில்லை 90–105 மி.மீ. அகல்கோணம் 50–65 மி.மீ. (ஏறத்தாழ 83 முதல் 69 பாகை). மீயகல்கோணம் 43 மி.மீ. (ஏறத்தாழ 92 பாகை).
* 6×9: சட்டம் 56 × 84 மி.மீ., மூலைவிட்டம் 101 மி.மீ. இயல்பு வில்லை 90–105 மி.மீ. அகல்கோணம் 65 மி.மீ. (ஏறத்தாழ 76 பாகை). மீயகல்கோணம் 47 மி.மீ. (ஏறத்தாழ 94 பாகை).

35 மி.மீ. வில்லைகளுடன் மூலைவிட்டத்தின் அடிப்படையில் ஒப்பிடும்போது, 6×6 கருவியின் 50 மி.மீ. வில்லை 27 மி.மீ. வில்லைக்கு இணையானது. ஆனால் சதுரச் சட்டத்தில் இவ்வொப்பீடு ஓரளவு தவறான எண்ணத்தைத் தரக்கூடும். கிடைமட்ட அகலத்தை மட்டும் கொண்டு ஒப்பிட்டால் அது 32 மி.மீ. வில்லைக்கும், உயரத்தைக் கொண்டு ஒப்பிட்டால் 21 மி.மீ. வில்லைக்கும் இணையாகிறது. எனவே 35 மி.மீ. கருவியிலிருந்து 6×6 கருவிக்கு மாறுவோர், தாம் எதிர்பார்த்த அளவு பக்கவாட்டு அகலம் கிடைக்காமலும், தரையும் வானமும் மிகுதியாகச் சேர்ந்தும் இருப்பதைக் காண்பர்.

== ஒளியியல் அமைப்பு ==

நடுத்தர வடிவ அகல்கோண வில்லைகளை இரண்டு பெரும் பிரிவுகளாகப் பகுக்கலாம்.

=== சமச்சீர் வில்லைகள் ===

இவற்றில் துளையின் இருபுறமும் உள்ள கண்ணாடிகள் ஏறத்தாழ ஒத்த அமைப்புடையவை. இதனால் ஒருபுறம் தோன்றும் உருத்திரிபை மறுபுறம் பெரும்பாலும் ஈடுசெய்து விடுகிறது. நேர்கோடுகள் நேர்கோடுகளாகவே பதிவாகும். ஆனால் வில்லையின் பின்பகுதி படச்சுருளுக்கு மிக அருகில் அமைய வேண்டும். ஆகவே ஆடி கொண்ட ஒற்றை வில்லைக் கருவிகளில் இவற்றைப் பொருத்த இயலாது. சைஸ் நிறுவனத்தின் பயோகான் வில்லைகள் இப்பிரிவைச் சேர்ந்தவை.

=== ரெட்ரோஃபோக்கஸ் வில்லைகள் ===

ஒற்றை வில்லைக் கருவியில் வில்லைக்கும் படச்சுருளுக்கும் இடையே ஆடி எழும்பி இறங்க இடம் தேவை. ஹாசல்பிளாட் 500சி கருவியில் வில்லை பொருந்தும் தளத்திலிருந்து படச்சுருள் வரையுள்ள தொலைவு 74.9 மி.மீ. ஆகும். 50 அல்லது 40 மி.மீ. குவியத் தொலைவு கொண்ட வில்லையை இத்தொலைவில் பயன்படுத்த, அதன் முன்பகுதியில் ஒளியை விரிக்கும் குழிவில்லைத் தொகுதி சேர்க்கப்படுகிறது. இதுவே ரெட்ரோஃபோக்கஸ் அமைப்பு ஆகும். சைஸ் நிறுவனத்தின் டிஸ்டகான் வில்லைகள் இவ்வகையின. இவை பருமனும் எடையும் மிக்கவை. சிறிதளவு பீப்பாய்த் திரிபும் இவற்றில் காணப்படும். எனினும் மூலைகளில் ஒளிக்குறைவு சமச்சீர் வில்லைகளைவிடக் குறைவாகவே இருக்கும்.

== வரலாறு ==

120 படச்சுருளைக் கோடாக் நிறுவனம் 1901 ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தியது. ரெட்ரோஃபோக்கஸ் என்னும் பெயரைப் பிரான்சைச் சேர்ந்த பியேர் ஆஞ்செனியே 1950 இல் 35 மி.மீ. கருவிகளுக்கான தம் வில்லைக்குச் சூட்டினார். பின்னர் அப்பெயர் அவ்வகை முழுவதற்கும் பொதுப்பெயராயிற்று.

1954 இல் சுவீடனின் ஹாசல்பிளாட் நிறுவனம், லூட்விக் பெர்ட்டெலே வடிவமைத்த 38 மி.மீ. எஃப்/4.5 பயோகான் வில்லையைக் கொண்ட தனிக்கருவியை வெளியிட்டது. இவ்வில்லையை ஆடி கொண்ட உடலில் பொருத்த முடியாததால், ஆடியே இல்லாத ஓர் உடல் இதற்கென உருவாக்கப்பட்டது. சூப்பர் வைடு என அறியப்பட்ட இவ்வரிசை, 2001 இல் வெளிவந்த 905 எஸ்.டபிள்யூ.சி. வரை தொடர்ந்தது. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் லீ ஃபிரீட்லேண்டர் இவ்வரிசைக் கருவியை நெடுங்காலம் பயன்படுத்தியவர்களுள் ஒருவர்.

1969 சூலையில் அப்பல்லோ 11 பயணத்தின்போது நிலவின் தரையில் பயன்படுத்தப்பட்ட ஹாசல்பிளாட் கருவியில் 60 மி.மீ. எஃப்/5.6 பயோகான் பொருத்தப்பட்டிருந்தது. அப்படங்களில் காணப்படும் சிறு சிலுவைக் குறிகள், படச்சுருளுக்கு முன் வைக்கப்பட்ட கண்ணாடித் தகட்டில் பொறிக்கப்பட்டவை. படங்களிலிருந்து அளவெடுக்க அவை உதவின. அக்கருவியில் பயன்பட்டது 120 படச்சுருள் அன்று; 70 மி.மீ. படச்சுருள் ஆகும்.

சப்பானில் பென்டாக்ஸ் 6×7 (1969), மாமியா ஆர்.பி.67 (1970), மாமியா எம்645 (1975), பென்டாக்ஸ் 645 (1984) ஆகிய கருவிகளுக்கு முழுமையான அகல்கோண வில்லை வரிசைகள் வெளிவந்தன. 1995 இல் அறிமுகமான மாமியா 7, ஆடியற்ற தொலைவுமானிக் கருவி ஆகும். அதன் 43 மி.மீ. எஃப்/4.5 வில்லை, மிகக் குறைந்த உருத்திரிபு கொண்டது.

== தெரிவு செய்தல் ==

முதல் அகல்கோண வில்லையாக, இயல்பு வில்லையின் குவியத் தொலைவில் ஏறத்தாழ 0.6 மடங்கு உள்ளதைக் கொள்வது பொதுவான வழக்கு. 6×4.5 இல் 45 மி.மீ., 6×6 இல் 50 மி.மீ., 6×7 இல் 55 மி.மீ., 6×9 இல் 65 மி.மீ. வில்லைகள் இந்நிலையில் உள்ளன. 90 பாகையை எட்டும் வில்லைகள் குறுகிய உள்ளரங்குகளுக்கு இன்றியமையாதவை. ஆயினும் அவற்றில் முன்புலம் வெறுமையாக அமைந்துவிட்டால் படம் வலுவிழக்கும்.

கருவியின் வகையும் தெரிவைப் பாதிக்கிறது.

* '''ஒற்றை வில்லைக் கருவிகள்:''' காட்சியை வில்லையின் வழியாகவே காண்பதால் சட்டத்தின் எல்லை சரியாகத் தெரியும். அருகிலுள்ள பொருள்களையும் வடிகட்டிகளையும் எளிதில் கையாளலாம். எடையும் ஆடியின் அதிர்வும் இவற்றின் குறைகள்.
* '''தொலைவுமானிக் கருவிகள்:''' இலகுவானவை. ஆடி இல்லாததால் குறைந்த ஷட்டர் வேகத்திலும் கையில் வைத்தே எடுக்கலாம். மாமியா 7 கருவியின் 43 மி.மீ. வில்லைக்கு மேலே பொருத்தும் தனிக் காட்சிகாணி தேவை. அவ்வில்லையைக் கொண்டு 1 மீட்டருக்கும் அருகில் குவிக்க இயலாது. ஒளிமானி வில்லையின் வழியாக அளவிடாததால் வடிகட்டிக்குரிய ஒளியிழப்பைப் பயனரே கணக்கிட வேண்டும்.
* '''சூப்பர் வைடு வகைக் கருவிகள்:''' தொலைவை மதிப்பிட்டு வில்லையிலுள்ள அளவுகோலில் அமைக்க வேண்டும். 0.3 மீட்டர் வரை குவிக்கலாம் என்றாலும் அத்தகைய அண்மையில் அளவுநாடா தேவைப்படும்.
* '''நிலைத்த வில்லைக் கருவிகள்:''' ஃபூஜி ஜி.எஸ்.டபிள்யூ.690 கருவியில் 65 மி.மீ. எஃப்/5.6 வில்லை நிலையாகப் பொருத்தப்பட்டுள்ளது. வில்லையை மாற்ற முடியாது.

ஷட்டர் வில்லைக்குள்ளேயே அமைந்திருந்தால் மின்வெட்டொளியை எல்லா வேகங்களிலும் பயன்படுத்தலாம். பென்டாக்ஸ் 6×7 போன்ற, படச்சுருளுக்கு முன் திரை ஷட்டர் கொண்ட கருவியில் இது 1/30 நொடி வரை மட்டுமே இயலும்.

== பயன்படுத்தும் முறை ==

=== கருவியை மட்டமாக வைத்தல் ===

அகல்கோண வில்லையை மேல்நோக்கிச் சாய்த்தால் கட்டடங்கள் பின்னோக்கிச் சாய்வது போலத் தோன்றும். இது வில்லையின் குறை அன்று. படச்சுருளின் தளம் கட்டடத்துக்கு இணையாக இல்லாமையின் விளைவு. முக்காலியும் ரசமட்டமும் இதைத் தவிர்க்க உதவும். சூப்பர் வைடு கருவிகளில் ரசமட்டம் உடலோடு இணைக்கப்பட்டிருப்பது இக்காரணத்தாலேயே.

சதுரச் சட்டத்தில் மற்றொரு வழியும் உண்டு. கருவியை மட்டமாக வைத்துப் படமெடுத்து, அச்சிடும்போது கீழ்ப்பகுதியை நீக்கி மேற்பகுதியிலிருந்து 56 × 41.5 மி.மீ. பரப்பை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இது வில்லையை ஏறத்தாழ 7 மி.மீ. மேலே நகர்த்தியதற்கு ஒப்பானது.

=== புல ஆழமும் குவித்தலும் ===

எத்தொலைவில் குவித்தால் அதன் பாதித் தொலைவிலிருந்து முடிவிலி வரை ஏற்கத்தக்க தெளிவு கிடைக்குமோ, அது ஹைப்பர்ஃபோக்கல் தொலைவு எனப்படும். 6×6 சட்டத்துக்குத் தெளிவின்மை வட்டத்தின் விட்டத்தை 0.05 மி.மீ. எனக் கொண்டால், எஃப்/16 துளையில் அத்தொலைவு பின்வருமாறு அமையும்:

* 80 மி.மீ.: 8.1 மீட்டர் (தெளிவு 4 மீட்டரிலிருந்து)
* 50 மி.மீ.: 3.2 மீட்டர் (தெளிவு 1.6 மீட்டரிலிருந்து)
* 40 மி.மீ.: 2 மீட்டர் (தெளிவு 1 மீட்டரிலிருந்து)

35 மி.மீ. கருவியில் 27 மி.மீ. வில்லை எஃப்/8 துளையிலேயே ஏறத்தாழ 3 மீட்டர் என்னும் அளவை எட்டிவிடுகிறது (தெளிவின்மை வட்டம் 0.03 மி.மீ.). அதாவது, அதே காட்சியை 6×6 இல் எடுக்கத் துளையை இரண்டு படிகள் குறைக்க வேண்டியுள்ளது. ஷட்டர் நேரம் நான்கு மடங்காகும். முக்காலியின் தேவை எழுவது இங்குதான். துளையை எஃப்/32 வரை குறைத்தால் ஒளியின் விளிம்பு விளைவால் படம் முழுவதும் மென்மையாகிவிடும்.

ஹைப்பர்ஃபோக்கல் முறையில் தொலைவிலுள்ளவை ஏற்கத்தக்க தெளிவை மட்டுமே பெறும். பெரிய அச்சுகளில் இக்குறை தெரியும். தொலைமலையே படத்தின் முதன்மைப் பொருள் எனில் முடிவிலியில் குவிப்பதே நன்று.

=== மூலைகளில் ஒளிக்குறைவு ===

படத்தின் மையத்தை விட்டு விலகும்போது ஒளியின் அளவு, விலகு கோணத்தின் கோசைனின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் குறைகிறது. 45 பாகையில் இது கால் பங்கு, அதாவது இரண்டு படிகள் குறைவு. நெகட்டிவ் படச்சுருளில் இதை அச்சிடும்போது ஓரளவு சரிசெய்யலாம். ஸ்லைடு படச்சுருளில் மூலைகள் கருத்தே தோன்றும். 6×17 போன்ற அகலச் சட்டக் கருவிகளில் நடுப்பகுதி மட்டும் கருமையாக்கப்பட்ட மைய வடிகட்டி பயன்படுத்தப்படுகிறது.

=== வடிவ நீட்சி ===

சட்டத்தின் ஓரத்தில் உள்ள முகங்களும் கோள வடிவப் பொருள்களும் வெளிநோக்கி நீண்டு பதிவாகும். உருத்திரிபே இல்லாத வில்லையிலும் இது நிகழும். 45 பாகையில் இந்நீட்சி ஏறத்தாழ 1.4 மடங்கு. குழுப் படங்களில் ஓரத்தில் நிற்போரைச் சற்று உள்ளே வரச் செய்வது நன்று.

=== வடிகட்டிகள் ===

தடித்த விளிம்புடைய வடிகட்டிகள் மூலைகளை மறைக்கக்கூடும். நீலவானத்தில் ஒளியின் முனைவாக்கம் கதிரவனிலிருந்து 90 பாகை விலகிய திசையில் மிகுதியாகவும், பிற திசைகளில் குறைவாகவும் உள்ளது. எனவே அகல்கோண வில்லையுடன் போலரைசர் வடிகட்டியைப் பயன்படுத்தினால் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கருநீலமாகத் தெரியும்.

=== அண்மைக் குவிப்பு ===

ரெட்ரோஃபோக்கஸ் வில்லைகளில் அருகில் குவிக்கும்போது மூலைகளின் தெளிவு குறையும். இதைச் சரிசெய்யச் சில வில்லைகளில் ஒரு கண்ணாடித் தொகுதி தனியே நகரும்படி அமைக்கப்பட்டுள்ளது. ஹாசல்பிளாட்டின் 50 மி.மீ. டிஸ்டகான் எஃப்.எல்.இ. வில்லையில் இதற்கான வளையத்தைப் பயனரே தனியாகத் திருப்ப வேண்டும். அதை மறந்துவிட்டால் மையம் தெளிவாகவும் ஓரங்கள் மங்கலாகவும் அமையும்.

== பழைய வில்லைகளை வாங்குதல் ==

மேற்குறிப்பிட்ட வில்லைகளுள் பெரும்பாலானவற்றின் உற்பத்தி நின்றுவிட்டதால் அவை பயன்படுத்தப்பட்ட நிலையிலேயே கிடைக்கின்றன. வாங்குமுன் கவனிக்க வேண்டியவை:

* வில்லையின் பின்புறமிருந்து ஒளியைச் செலுத்திப் பூஞ்சை உள்ளதா எனப் பார்த்தல். ஈரப்பதம் மிக்க கடற்கரை நகரங்களில் இது பொதுவான குறை. தோல் பைகளில் பூட்டி வைப்பதைத் தவிர்த்து, சிலிக்கா செல்லுடன் காற்றுப்புகாப் பெட்டியில் வைக்க வேண்டும்.
* 1 நொடி, 1/2 நொடி ஆகிய வேகங்களில் ஷட்டர் தயங்காமல் இயங்குகிறதா எனக் கேட்டறிதல்.
* செங்கற்சுவர் ஒன்றை நேராகப் படமெடுத்து நான்கு மூலைகளையும் ஒப்பிடுதல். ஒரு மூலை மட்டும் மங்கலாக இருந்தால் கண்ணாடிகள் மையம் விலகியிருக்கலாம். கருவி சுவருக்கு இணையாக இல்லாமலும் இருக்கலாம். எனவே கருவியைச் சரிசெய்து மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டும்.
* முடிவிலியில் குவிப்பு சரியாக உள்ளதா எனப் பார்த்தல். படச்சுருளின் தளம் 0.1 மி.மீ. பின்னகர்ந்தாலும், 50 மி.மீ. வில்லை முடிவிலிக்குப் பதிலாக 25 மீட்டரில் குவியும். 150 மி.மீ. வில்லையில் இதே பிழை 225 மீட்டரில் குவியச் செய்யும். ஆகவே தேய்ந்த படச்சுருள் பெட்டியும் பொருந்தாத இணைப்பு வளையமும் அகல்கோண வில்லையிலேயே முதலில் தம் குறையைக் காட்டும். தவறு வில்லையிலா, பெட்டியிலா என்பதை மற்றொரு பெட்டியைப் பொருத்திச் சோதித்த பின்னரே முடிவு செய்ய வேண்டும்.

== இவற்றையும் பார்க்க ==

* ஒளிப்படவியல்
* குவியத் தொலைவு
* புல ஆழம்
* 120 படச்சுருள்