ஒரு புரதம் நடந்த வழி

1942-இல் வட இத்தாலியின் ஆஸ்தி பகுதி மலைக்கிராமங்களில் ஒரு பெண் சைக்கிளில் வந்து, வீடு வீடாக முட்டை கேட்டுக்கொண்டிருந்தார். வயது 33. கூமுட்டை வேண்டாம், சேவல் மிதித்த முட்டைதான் வேண்டும் என்பார். ஏன் என்று யாராவது கேட்டால், பிள்ளைகளுக்கு அதில்தான் சத்து அதிகம் என்று சொல்லிவிடுவார். அவருக்குப் பிள்ளைகள் கிடையாது. அவர் வாங்கிப்போன முட்டைகள் அடைகாக்கும் பெட்டிக்குள் போயின. சில நாள் கழித்து ஓட்டைத் திறந்து, உள்ளே உருவாகிக்கொண்டிருந்த குஞ்சின் நரம்புகளை மட்டும் எடுத்துக்கொள்வார். மிச்சம் ஆம்லெட்டாகி வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வரும். போர்க்காலம், எதையும் வீணாக்க முடியாது. விஷயம் தெரிந்தபின் அண்ணன் ஜீனோவுக்கு அந்த ஆம்லெட் இறங்கவில்லை.

அந்தப் பெண் ரீட்டா லெவி-மொன்டால்சினி. டூரின் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தவர். 1938-இல் முசோலினி அரசு கொண்டுவந்த இனச் சட்டங்கள் யூதர்களைப் பல்கலைக்கழகங்களிலிருந்து வெளியேற்றின. வேலை போனதும் டூரின் வீட்டில் தன் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார். தையல் ஊசியைக் கல்லில் தீட்டிக் கத்தி செய்தார். கடிகாரம் பழுதுபார்ப்பவரின் இடுக்கி, கண் மருத்துவரின் சின்னக் கத்தரிக்கோல், ஒரு நுண்ணோக்கி. டூரினில் குண்டுவீச்சு கடுமையானதும் இத்தனையும் ஆஸ்தி மலைவீட்டின் ஒரு மூலைக்கு வந்துசேர்ந்தன.

நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தின் கதை அந்த மூலையில்தான் தொடங்குகிறது. அப்போது அதற்குப் பெயரில்லை. அப்படி ஒன்று உண்டு என்றே யாருக்கும் தெரியாது.

விக்டர் ஹாம்பர்கர் என்ற கருவியல் அறிஞர் 1934-இல் ஒரு சோதனையை எழுதியிருந்தார். கோழிக்கருவில் இறக்கையோ காலோ முளைக்கும் மொட்டை முன்கூட்டியே வெட்டிவிட்டால், அந்த உறுப்புக்குப் போகவேண்டிய நரம்பு செல்கள் தண்டுவடத்தில் குறைந்துபோகின்றன. உறுப்பிலிருந்து வரவேண்டிய தூண்டுதல் வராததால் அந்தச் செல்கள் உருவாகவே இல்லை என்பது அவர் விளக்கம். ரீட்டா அதே வெட்டை வெட்டினார். ஆனால் கடைசி நாள் வரை காத்திருக்கவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கருவை எடுத்து, மெல்லிசாகச் சீவி, வெள்ளி உப்பால் சாயமேற்றி எண்ணினார். செல்கள் உருவாகியிருந்தன. இழை நீட்டிப் புறப்பட்டும் இருந்தன. போன இடத்தில் உறுப்பு இல்லாததால் செத்துப்போயின.

பிறக்காமல் போவது வேறு, பிறந்தபின் பட்டினியில் சாவது வேறு. பட்டினி என்றால் எங்கோ சாப்பாடு இருக்கிறது என்று அர்த்தம். மூளையையும் நரம்பையும் காப்பாற்ற முடியுமா என்ற இன்றைய ஆய்வுகளில் பெரும்பகுதி இந்த ஒரு வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது என்று நான் நினைக்கிறேன். அதைக் கண்டவர் கையில் இருந்தது கல்லில் தீட்டிய தையல் ஊசி.

1943-இல் ஜெர்மன் படை இத்தாலிக்குள் நுழைந்தது. குடும்பம் புளோரன்ஸுக்குத் தப்பி, வேறு பெயரில் ஒளிந்து பிழைத்தது. போர் முடிந்ததும் ஹாம்பர்கர், தன் விளக்கத்தோடு முரண்பட்ட இந்த இளம் ஆய்வாளரைத் தன்னிடமே அழைத்தார். 1947-இல் ஒரு பருவத்துக்கு என்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் போன ரீட்டா, முப்பது ஆண்டுகள் போல அங்கே தங்கிவிட்டார்.

அந்தச் சாப்பாடு முதலில் அகப்பட்டது ஆரோக்கியமான உறுப்பில் இல்லை, புற்றுக்கட்டியில். ஹாம்பர்கரின் பழைய மாணவர் எல்மர் பியூக்கர், சுண்டெலியின் சதைப்புற்றுத் துண்டு ஒன்றைக் கோழிக்கருவில் ஒட்டிவைத்தார். நரம்பு இழைகள் கட்டிக்குள் மொய்த்துக்கொண்டு நுழைந்தன. ரீட்டா அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது, இழைகள் கட்டியோடு நிற்காமல் இரத்தக் குழாய்களுக்குள்ளும் புகுந்திருந்தன. அடுத்து கட்டியைக் கருவுக்கு வெளியே, ஓட்டை ஒட்டிய சவ்வின் மேல் வைத்தார். இரத்த ஓட்டம் தவிர இரண்டுக்கும் வேறு தொடர்பில்லை. அப்போதும் நரம்பு முடிச்சுகள் பெருத்தன. ஆக, கட்டியிலிருந்து ஏதோ ஒன்று கரைந்து வருகிறது.

அது என்ன என்று கண்டுபிடிக்கக் கண்ணாடியில் திசு வளர்க்கத் தெரிந்தவர் வேண்டும். ரியோ டி ஜெனிரோவில் ஹெர்தா மேயர் அந்த வேலையில் கைதேர்ந்தவர். 1952-இல் ரீட்டா விமானம் ஏறினார். கைப்பையில் புற்றுக்கட்டியோடு இரண்டு சுண்டெலிகள்.

ரியோவில் செய்ததைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். மெல்லிய கண்ணாடி வில்லை ஒன்றில் ஒரு துளி கோழி பிளாஸ்மா. அதற்குள் எட்டு நாள் கருவிலிருந்து எடுத்த ஒரு நரம்பு முடிச்சு, கண்ணுக்குக் கடுகை விடச் சிறிய புள்ளி. பக்கத்தில், ஒட்டாமல், கட்டியின் ஒரு துணுக்கு. துளி உறைந்ததும் வில்லையைக் கவிழ்த்துத் தொங்கவிடுவார்கள். முதலில் வரிசையாகத் தோல்விகள். பிறகு ஒருநாள் நுண்ணோக்கியில் பார்த்தால், முடிச்சைச் சுற்றி எல்லாப் பக்கமும் இழைகள் கதிர்விட்டுப் பரந்திருந்தன, சூரியனைச் சுற்றிய ஒளிவட்டம் போல. ரீட்டா அதை மையால் வரைந்து ஹாம்பர்கருக்குக் கடிதத்தில் அனுப்பினார். கட்டித் துணுக்கு இல்லாத துளிகளில் அந்த வட்டம் இல்லை. அன்று முதல் அந்த வட்டமே அளவுகோல். எதில் அந்தப் பொருள் இருக்கிறது என்று தெரியவேண்டுமா? ஒரு முடிச்சின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

செயின்ட் லூயிஸுக்குத் திரும்பியதும் ஸ்டான்லி கோஹன் என்ற உயிர்வேதியியலாளர் சேர்ந்துகொண்டார். அது புரதமா நியூக்ளிக் அமிலமா என்று பார்க்க, நியூக்ளிக் அமிலத்தைச் சிதைக்கும் நொதி ஒன்று தேவைப்பட்டது. பாம்பு விஷத்தில் அந்த நொதி உண்டு. விஷத்தைச் சேர்த்தபின் வட்டம் மறையும், அல்லது அப்படியே இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். வட்டம் முன்பைவிட அடர்ந்து வந்தது. கட்டியே இல்லாமல் விஷத்தை மட்டும் விட்டபோதும் வந்தது. கட்டியில் இருந்ததைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வீரியத்தோடு அதே பொருள் பாம்பின் விஷத்தில் இருந்திருக்கிறது.

கோஹன் அடுத்துக் கேட்ட கேள்விக்காகவே அவரைக் கும்பிடலாம். விஷச் சுரப்பி என்பது மாறிப்போன உமிழ்நீர்ச் சுரப்பி. அப்படியானால் பாலூட்டிகளின் உமிழ்நீர்ச் சுரப்பியில் என்ன இருக்கிறது? ஆண் சுண்டெலியின் தாடைக்குக் கீழுள்ள சுரப்பியில் அது குவிந்து கிடந்தது. சுத்தமான புரதம் கைக்கு வந்தது. 1971-இல் அதன் அமினோ அமில வரிசை தெரிந்தது: ஒரு சங்கிலிக்கு 118, இரண்டு சங்கிலி சேர்ந்து ஒரு மூலக்கூறு.

சுத்தமான புரதம் இருந்தால் அதற்கு எதிரான முறிமருந்தையும் முயலின் உடலில் தயாரிக்கலாம். 1959-இல் அந்த எதிர்ச்சீரத்தைப் பிறந்த எலிக்குட்டிகளுக்குப் போட்டார்கள். குட்டிகள் பிழைத்தன, வளர்ந்தன. பரிவு நரம்பு மண்டலத்தின் முடிச்சுகள் மட்டும் ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டன. சாப்பாட்டை நிறுத்தினால் செல் சாகும் என்பது இப்போது உயிருள்ள உடலில் நிரூபணமானது.

அந்தச் சாப்பாடு செல்லுக்குப் போய்ச் சேரும் வழியும் எழுபதுகளில் தெரியவந்தது. நரம்பு செல் தன் இழையை எங்கோ தொலைவில் உள்ள தோலுக்கோ தசைக்கோ உறுப்புக்கோ நீட்டியிருக்கும். புரதம் அங்கே, இழையின் நுனியில் ஏறி, இழைக்குள்ளேயே பின்னோக்கிப் பயணம் செய்து, செல்லின் உடலுக்கு வந்து சேர்கிறது. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் பணம் மாதிரி. பணம் வந்துகொண்டிருக்கும்வரை வீட்டில் அடுப்பெரியும்.

1986-இல் ரீட்டாவுக்கும் கோஹனுக்கும் நோபல். ஹாம்பர்கருக்கு இல்லை. முதல் கேள்வியைப் போட்டவரும், தன்னை மறுத்தவரை அழைத்து இடம் கொடுத்தவரும் அவர்தான். அவரை விட்டது தவறு என்பதே என் எண்ணம்.

அதே ஆண்டுகளில் புரதம் மூளைக்குள் நுழைந்தது. மூளையின் அடிப்பகுதியில் நினைவுக்கு வேண்டிய ஒரு செல் கூட்டம் உண்டு. அல்சைமர் நோயில் வெகுவாக அழிகிறவற்றில் அதுவும் ஒன்று. எலியின் மூளையில் அந்தச் செல்களின் இழைகளை வெட்டினால் அவை மடிந்தன. வெட்டியபின் நரம்பு வளர்ச்சிக் காரணியைச் சொட்டுச் சொட்டாக விட்டால் பிழைத்தன. பெற்ற மகளின் பெயரைத் தேடித் தவிக்கும் தாயின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு, இந்தச் செய்தி என்ன நம்பிக்கையைத் தந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் இந்தப் புரதம் பெரியது. இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பைத் தாண்டாது. மாத்திரையாக விழுங்கினால் வயிற்றிலேயே செரித்துவிடும். அதனால் 1990-களின் தொடக்கத்தில் ஸ்வீடனில் மண்டையோட்டில் துளையிட்டு, மூளையின் உள்ளறைத் திரவத்தில் குழாய் வழியாக விட்டார்கள். திரவத்தில் கலந்தது வேண்டாத இடங்களுக்கும் போயிற்று. வலியைக் கடத்தும் நரம்புகளுக்கும் இதே புரதம்தான் தீனி. நோயாளிகளுக்கு முதுகுவலி வந்தது, உடல் எடை குறைந்தது. நிறுத்திவிட்டார்கள்.

2001-இல் கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் வேறு வழி பார்த்தார்கள். நோயாளியின் தோல் செல்லிலேயே இந்தப் புரதத்தின் மரபணுவை ஏற்றி மூளைக்குள் வைத்தார்கள். பிறகு தீங்கில்லாத ஒரு வைரஸில் அதே மரபணுவை ஏற்றினார்கள். 49 பேர் பங்கேற்ற வைரஸ் சோதனையின் முடிவு 2018-இல் வந்தது: பலன் இல்லை. 2020-இல் வெளியான இன்னொரு ஆய்வைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அந்தச் சோதனையில் பங்கேற்றுப் பின்னர் காலமானவர்களின் மூளையைச் சீவிப் பார்த்தபோது, புரதம் ஊசி போட்ட இடத்திலிருந்து சுமார் 1 மில்லிமீட்டர் அளவுக்கே பரவியிருந்தது. காப்பாற்ற வேண்டிய செல்களை அது தொடவேயில்லை. புரதம் அந்தச் செல்களைக் காக்குமா என்ற கேள்வியை அந்தச் சோதனை கேட்கவே இல்லை என்றுதான் சொல்லவேண்டும். துல்லியமாக ஊசி இறக்கும் வழிகளைத் தேடுகிறார்கள். வலி தராதபடி திருத்திய புரதத்தையும் சோதிக்கிறார்கள்.

புரதம் போய்ச் சேர்ந்த இடம் வேறு. கார்னியா என்று மருத்துவர்கள் சொல்லும் கருவிழிப் படலம், உடலிலேயே நரம்பு நுனிகள் மிக நெருக்கமாக உள்ள திசு. தூசி பட்டால் உயிர் போவது அதனால்தான். கண்ணில் வரும் அக்கியாலோ அறுவை சிகிச்சையாலோ அந்த நரம்பு கெட்டுப்போனால் கண்ணுக்கு வலி தெரியாது. வலி தெரியாத கண் சரியாகச் சிமிட்டாது, காயம் ஆறாது, புண் குடைந்துகொண்டே போய்ப் பார்வையைப் பறிக்கும். 1998-இல் இத்தாலிய மருத்துவர்கள், ரீட்டாவோடு நெடுநாள் பணியாற்றிய லூயிஜி அலோவும் சேர்ந்து, சுண்டெலியின் அதே உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த புரதத்தைச் சொட்டு மருந்தாக விட்டார்கள். 12 நோயாளிகள், 14 கண்கள். எல்லாப் புண்ணும் ஆறியது.

பின்னர் மனிதப் புரதத்தையே பாக்டீரியாவில் வளர்த்து செனெகெர்மின் என்ற மருந்தாக்கினார்கள். ஐரோப்பாவில் 2017-இலும் அமெரிக்காவில் 2018-இலும் அனுமதி கிடைத்தது. அமெரிக்க அனுமதிக்கு ஆதாரமான ஆய்வுகளில் எட்டு வாரத்தில் முழுதாகக் குணமானவர்கள் 70 சதவீதம், புரதம் இல்லாத சொட்டு விட்டவர்களில் 28 சதவீதம். ரீட்டா 2012 டிசம்பரில், 103 வயதில் காலமாகியிருந்தார்.

மருந்து குளிர்பெட்டியில் இருக்கவேண்டும். இரண்டு மணிக்கு ஒரு சொட்டு, நாளுக்கு ஆறு முறை, எட்டு வாரம். இந்தப் புண்ணோடு வருகிறவரை மருத்துவர் பரிசோதிக்கும் முறை மிக எளிது. பஞ்சின் நுனியை இழையாகத் திரித்துக்கொண்டு, நோயாளியை நேரே பார்க்கச் சொல்லி, பக்கவாட்டிலிருந்து கொண்டுவந்து கருவிழியைத் தொடுவார். நரம்பு செத்த கண் அசையாமல் திறந்தே இருக்கும், பஞ்சு பட்டதே தெரியாது. 1998-இல் சொட்டு விட்ட 14 கண்களில் 13-இல் உணர்ச்சி கூடியிருந்தது. இரண்டில் முழுசாகத் திரும்பியிருந்தது. தொட்டதும் இமை சட்டென்று மூடும் கண்கள் அவை.