ஐம்பத்தைந்து என்னும் எல்லை

சுவா சூ காங் என்றதும் இன்று அடுக்குமாடி வீடுகளும் 1990ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பெருவிரைவு ரயில் நிலையமும் நினைவுக்கு வரும். முன்னாளில் அது சீனர்கள் மிளகும் கேம்பியரும் பயிரிட்ட காடு. பின்னர் ரப்பர்த் தோட்டங்கள் வந்தன. அங்கே பால்மரம் வெட்டியவர் என் தாத்தா. 1948இல் அடையாள அட்டைக்குப் பதிந்தபோது, பிறந்த நாளை அவரால் சொல்ல இயலவில்லை. எழுதியவர் முகத்தைப் பார்த்து, நாற்பது என்று குறித்துக்கொண்டார். பாட்டியின் கணக்குப்படி முப்பத்துமூன்றுதான். பதினைந்து ஆண்டு கழித்து, 'ஐம்பத்தைந்து ஆகிவிட்டது' என்று தோட்டத்தில் கணக்குத் தீர்த்துவிட்டார்கள். விடியலில் மரத்துக்கு மரம் ஓடக்கூடிய கால்கள் அப்போதும் அவருக்கு இருந்தன.

1955இல் தொடங்கிய மத்திய சேம நிதியில், சேமிப்பை எடுக்கும் வயது ஐம்பத்தைந்து. வேலையை விடும் வயதும் அதுவே என்பது வழக்கமாயிற்று. தனியார் துறையில் அதற்கென்று சட்டமில்லை. வழக்கமே சட்டம்போல் நடந்தது.

1980இல் சிங்கப்பூரரின் சராசரி ஆயுள் 72ஐ எட்டிவிட்டது. 1984இல் ஹாவ் யூன் சோங் தலைமையிலான குழு, சேமிப்பை எடுக்கும் வயதை அறுபதாக்கலாம் என்றது. தம் பணத்தைத் தடுத்து வைப்பதா என்று மக்கள் கொதித்தனர். அவ்வாண்டு டிசம்பர்த் தேர்தலில் ஆளுங்கட்சியின் வாக்கு ஏறத்தாழ 13 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்தது. அக்கோபத்தில் நியாயமுண்டு. ஆனால் மூத்தோர் மேலும் சில ஆண்டுகள் உழைக்கலாம் என்ற பேச்சும் அந்தக் கூச்சலில் அமுங்கிப்போனது என்பது என் எண்ணம்.

1993இல்தான் சட்டம் வந்தது. அறுபதுக்கு முன் வயதைக் காரணம் காட்டி ஒருவரை விலக்கக்கூடாது என்றாயிற்று. 1999இல் அது 62, 2022இல் 63. இடையே 2012 முதல், தகுதியுள்ளவருக்கு மறுவேலை அளிக்கும் கடமையும் முதலாளிக்கு உண்டாயிற்று.

வேலையிலிருந்து விலக்குவதற்கு இவ்வாறு தடை வந்தது. வேலைக்கு எடுக்கும்போது? '35 வயதுக்குட்பட்டோர் தேவை' என்ற விளம்பரங்களை நாம் நாளிதழில் கண்டதுண்டு. அவற்றைத் தவிர்க்கும்படி 1999இல் வழிகாட்டி நெறிகள் வெளியாயின. ஆயினும் நெறி வேறு, சட்டம் வேறு. 2025 ஜனவரியில்தான் நாடாளுமன்றம் வேலையிட நியாயத்தன்மைச் சட்டத்தை நிறைவேற்றியது. வயது பார்த்து ஆளை ஒதுக்குவதை அது தடுக்கிறது. எனினும் இருபத்தைந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் விலக்கு உண்டு. சிராங்கூன் சாலையின் மளிகைக் கடைகளில் பல அவ்வளவில் அடங்குபவையே.

தோட்டத்தை விட்டபின் தாத்தாவுக்கு வேலை கிடைத்ததும் அப்படியொரு கடையில்தான். அங்கே அட்டையை யாரும் கேட்கவில்லையாம். அரிசி மூட்டையைத் தூக்கிக் காட்டச் சொன்னார்களாம்.